அப்பாவின் அலமாரியும் சிகாகோ மாநாடும்

மினியாப்பொலிஸ்
6.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. அம்மாவின் கண், மேலத்தெரு வயல், பெரியவளின் படிப்பு, கூடத்து ஓடு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். போனில் பேசினால் பாதி நேரம் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்பதிலேயே போய்விடுகிறது. கடிதம் என்றால் அம்மா மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். அதனால் நானும் கையாலேயே எழுதுகிறேன்.

கடைசிப் பத்தியில் அப்பாவின் புத்தக அலமாரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இதே கடிதத்தில் பதில் வருகிறது. அதற்கு முன்னால் நான் சிகாகோ போய்வந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஆண்டு மாநாடு ஜூன் 22 முதல் 27 வரை சிகாகோவில் நடந்தது. பதிவுக் கட்டணத்தை எங்கள் நூலகமே கட்டிவிட்டது. மினியாப்பொலிஸிலிருந்து இரவு பஸ்ஸில் போனேன். எட்டு மணி நேரம். விமானத்தில் போயிருக்கலாம், ஆனால் பஸ் என்றால் ஊர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் இல்லையா? புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டு போனேன். மாநாட்டு வளாகத்தில் விற்கிற சாப்பாடு எல்லாம் ரொட்டிக்குள் குளிர்ந்த கறி வைத்ததுதான். நம் நாக்குக்கு ஏறாது.

மக்கார்மிக் பிளேஸ் என்பது அந்த வளாகத்தின் பெயர். மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே இதுதான் பெரிய மாநாட்டு வளாகமாம். ஒரு கூட்டம் முடிந்து அடுத்ததற்குப் போவது நம் வீட்டிலிருந்து இராஜகோபாலசாமி கோயிலுக்கு நடப்பதைப் போல. வெளியே நல்ல வெயில், உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கிறது. ஜூன் மாதத்தில் அண்ணி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அந்தப் பச்சை நிறத்தை மூன்று பேர் நிறுத்தி விசாரித்தார்கள்.

15,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள் அண்ணா. அத்தனை பேரும் நூலகத்தைச் சேர்ந்தவர்கள், புத்தகம் போடுகிறவர்கள், நூலகத்துக்குப் பொருள் விற்கிறவர்கள். இந்தச் சங்கத்தை 1876இல் பிலடெல்பியாவில் தொடங்கியபோது கூடியவர்கள் 103 பேர். அதில் பெண்கள் 13 பேர்தான். இப்போது எந்த அரங்கில் திரும்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் பெண்கள். அப்பா ஊர்ப்புற நூலகத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தானே பெருக்கி, தானே பதிவேடு எழுதி, தானே பூட்டிக்கொண்டு வந்ததைத்தான் நான் நூலகர் வேலை என்று பார்த்து வளர்ந்தேன். ‘உங்கப்பாவுக்கு என்ன, சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை’ என்று பெரிய மாமா சொன்னது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவர்களுக்காக ஒரு நகரத்தின் பஸ்கள் தனியாக ஓடியதை அப்பா பார்த்திருக்க வேண்டும்.

விடுதி அறையை ஒரு அம்மையாரோடு பகிர்ந்துகொண்டேன். கென்டக்கியில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மாநாட்டையும் விடுவதில்லையாம். இங்கே அடையாள அட்டையின் கீழே ரிப்பன் ஒட்டிக்கொள்கிற பழக்கம் இருக்கிறது: முதல் முறை வருகிறவர், பேச்சாளர், குழு உறுப்பினர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி அந்த அம்மையாருக்கு இடுப்புவரை தொங்கியது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு, கண்காட்சிக் கூடத்தின் வரைபடத்தில் கலர் பென்சிலால் வழி போடுவார். எந்தப் பதிப்பகம் எந்த நேரத்தில் முன்பிரதி கொடுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இன்னும் வெளிவராத புத்தகத்தை ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டு நூலகர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். கூடத்துக்குள்ளேயே அஞ்சலகம் ஒன்று போட்டிருக்கிறார்கள். வாங்கிய புத்தகங்களைப் பெட்டி கட்டி அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிடலாம். அம்மையார் மூன்று பெட்டி கட்டினார். எல்லாம் அவருடைய பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு.

ஒருநாள் இரவு, ‘உங்கள் ஊரில் நூலகம் எப்படி இருக்கும்?’ என்று அவர் கேட்டார். நான் 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பிய கதையைச் சொன்னேன். அப்பா நமக்குச் சொன்னதுபோலவே, வண்டி வந்து நிற்பது, பலகைக் கதவைத் திறப்பது, படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது என்று சொன்னேன். அவர் எழுந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். மறுநாள் காலைச் சிற்றுண்டியில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் மன்னார்குடி என்றார்.

இன்னொன்று. ஓர் அரங்கில் பேசிய பேராசிரியர் திரையில் முதலில் போட்டதே அரங்கநாதனின் ஐந்து விதிகளைத்தான். ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்று தொடங்குகிறதே, அதேதான். சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் பல்கலைக்கழக நூலகரானவர் எழுதியதை இங்கே நூலகப் படிப்பின் முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். எனக்குப் பேச்சு காதில் விழவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணிடம், ‘இவர் எங்கள் பக்கத்துக்காரர்’ என்று சொல்லிவிட்டேன்.

எல்லாமே கொண்டாட்டமாக இருக்கவில்லை. இங்கே இப்போது சில புத்தகங்களை நூலகத்திலிருந்து நீக்கச் சொல்லிப் பெரிய சண்டை நடக்கிறது. சென்ற ஆண்டில் மட்டும் 1,269 கோரிக்கைகள் வந்ததாகச் சங்கம் கணக்குக் காட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெடுத்ததில் இதுதான் மிக அதிகம். ஒரு பெண் நூலகர் மேடையேறி, வீட்டு வாசலுக்கே வந்து மிரட்டியதைச் சொன்னபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. இல்லினாய் மாநிலம் மட்டும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் புத்தகத்தை விலக்குகிற நூலகத்துக்கு அரசு நிதி கிடையாது என்று சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஆளுநர் அதில் கையெழுத்திட்டது ஜூன் 12, சிகாகோ பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில். அதே ஜூன் 12இல்தானே மேட்டூரைத் திறந்தார்கள்? தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா?

வேலைவாய்ப்புக்கென்று ஒரு பகுதி இருந்தது. சும்மா பார்க்கத்தான் போனேன். ஒருவர் என் தற்குறிப்பைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தார். இங்கே ‘நூலகர்’ என்ற பதவிக்கு இந்தச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் பட்டம் வேண்டும் என்று பெரும்பாலான விளம்பரங்களில் போடுகிறார்கள். நம் ஊர்ப் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி ஏற்கச்செய்ய வழி இருக்கிறது. அதை விசாரித்து வைத்திருக்கிறேன். அதுவரை உதவியாளராக இருப்பதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், கோடைக்காலம் என்பதால்தான்.

கடைசி நாள் கனடாக் காட்டுத் தீயின் புகை சிகாகோவை மூடிக்கொண்டது. ஏரி எது, வானம் எது என்று தெரியவில்லை. செய்தியில் பார்த்து அம்மா பயந்திருப்பாள். எனக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் தொண்டை கட்டியிருந்தது, ஆனால் அது புகையால் அல்ல, ஆறு நாளும் விடாமல் பேசியதால். இங்கே வேலை முடிந்து வந்தால் பேச்சு குறைவு. அதனால் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். கண்காட்சியில் நூலகத் தளவாடங்கள் விற்கிற கடை ஒன்றில் தேதி முத்திரைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து மை அட்டையில் ஒற்றித் தாளில் வைத்தேன். அப்பா அழுத்துகிற அதே ‘டக்’ சத்தம், அதே ஊதா மை. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், ‘நான் குத்துகிறேன் அப்பா’ என்று கையைப் பிடிப்பேனே, அது அப்படியே வந்தது. கடைக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு வரவேண்டும்போல இருக்கிறது அண்ணா. பொங்கலுக்கு முடியுமா என்று பார்க்கிறேன். டிக்கெட் போட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். ஆடி கழிந்து ஓடு மாற்றும்போது இடத்தை அடைக்கிறது, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. ஒரு தாளைக்கூடப் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகளைக்கூட விடாமல் சேர்த்துவைத்தார். அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது நான் போய்வந்த இதே சிகாகோவின் பல்கலைக்கழகம். சென்னையிலேயே வைத்து 1994இல் நூலகமாக்கினார்கள். தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்று தரமணிக்குத் தேடிப் போகிறார்கள். அப்பாவின் அலமாரி அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் அதிலிருக்கிற பஞ்சாயத்து மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் வேறெங்கே கிடைக்கும்?

செய்ய வேண்டியதை எழுதுகிறேன். சின்னவனும் பெரியவளும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடியும். வெயிலில் பரப்ப வேண்டாம், தாள் நொறுங்கிவிடும். காற்றோட்டமான நிழலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். இராமபாணப் பூச்சி அரித்ததைத் தனியாக வையுங்கள். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு என்று நோட்டில் எழுதி, தலைப்புப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஓடு வேலை முடியும்வரை இரும்புப் பெட்டியில் வசம்புத் துண்டு போட்டுக் கீழவீட்டு அத்தையின் மாடியறையில் வைக்கலாம். அத்தையிடம் நானே பேசுகிறேன்.

பெரியவள் நூலகப் படிப்பு படிக்க வேண்டும் என்கிறாளாமே! என்னைப் பார்த்து ஆசைப்படுகிறாள் என்றால் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் தமிழோ வரலாறோ ஒரு பட்டம் முடிக்கட்டும். அதற்குப் பிறகு ஓராண்டில் நூலக அறிவியல் படித்துவிடலாம். மதுரையில் பெரிய நூலகம் இந்த மாதம் திறக்கிறார்களாம். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் அவளே பேசட்டும்.

அம்மாவின் கண்புரை அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். அதற்கென்று வைத்த பணம் தனியாக இருக்கிறது, நான் கை வைக்கவில்லை. மாதாமாதம் அனுப்புவது மட்டும் இந்த முறை பத்து நாள் தாமதமாகும். சிகாகோ செலவு, வேறொன்றும் இல்லை.

மேலத்தெரு வயலைக் குத்தகைக்கு விடுவதில் எனக்குச் சம்மதம். பெரிய மாமாவின் மகனுக்கே விடுங்கள், ஆனால் கணக்கை வாய்ப்பேச்சில் விடாமல் தாளில் எழுதி வாங்குங்கள். என் கையெழுத்து தேவையென்றால் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். கண் மருத்துவர் என்ன தேதி கொடுத்தார் என்பதைக் கடிதத்துக்குக் காத்திராமல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புத் தங்கை