டிஎன்எஸ்ஸுக்கு முன்பே பெயர்கள் இருந்தன

ஆசிரியருக்கு,

இணைய வரலாறு பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், கணினிகளின் முகவரி எண்களை மனிதர்களால் நினைவில் வைக்க முடியாததால்தான், பெயரைச் சொன்னால் அந்த எண்ணைத் தரும் டிஎன்எஸ் என்ற அமைப்பு 1983-ல் உருவானது என்று எழுதியிருந்தார்கள். பாடப்புத்தகங்களிலும் இதே பிழை உண்டு என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட்டில் வந்துவிட்டது. பெயர்களை யார் பராமரிப்பது, மாற்றங்களை எல்லோருக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதே டிஎன்எஸ் தீர்த்த சிக்கல்.

தொடக்கத்தில் வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு நிலையமும் தனித்தனிப் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தது. பெயர்களை ஒரே சீராக்கும் யோசனை 1971-ல் ஆர்எஃப்சி 226-ல் வந்தது (ஆர்எஃப்சி என்பது வலையமைப்பு வல்லுநர்கள் எண்ணிட்டு வெளியிடும் தொழில்நுட்ப ஆவணம்). 1974 முதல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் பொதுப்பட்டியலை ஒரே கோப்பாக வழங்கியது. அதுதான் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட். அதை எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு பல ஆண்டுகள் காத்துவந்தது; அந்த உழைப்பைக் கட்டுரை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

புதிய கணினியைச் சேர்க்க மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அவர்கள் கோப்பைத் திருத்தி வெளியிட்டதும் ஒவ்வொரு நிலையமும் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்ளும். ஒரு வரியில் முகவரி, பெயர், இயந்திர வகை, இயங்குதளம், நெறிமுறைகள் ஆகியவை முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். பெயருக்கு 24 எழுத்துதான் உச்சவரம்பு. பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'கெட்டேபிள்' என்ற நிரல் கோப்பைக் கொண்டுவர, 'எச்டேபிள்' அதை உள்ளூர் ஹோஸ்ட்ஸ் கோப்பாக மாற்றும். உருவான கோப்பில் கையால் வரி சேர்த்தால் அடுத்த மாற்றத்தில் அது அழிந்துபோகும். அதனால் உள்ளூர்ப் பெயர்களைத் தனிக் கோப்பில் வைத்தார்கள். நிரல் அவற்றை மேலே ஒட்டிவிடும். மேலிருந்து தேடும்போது முதலில் கிடைப்பதே விடை என்பதால், அங்கே பழைய முகவரி ஒன்று தங்கிவிட்டால் மையத்தின் சரியான வரி யார் கண்ணிலும் படாது.

இந்த ஏற்பாடு ஏன் உடைந்தது? கணினிகள் இரு மடங்கானால் கோப்பும் இரு மடங்காகும், அதை இறக்குபவர்களும் இரு மடங்காவார்கள். ஆகவே போக்குவரத்து நான்கு மடங்கு. ஒற்றைப் பெயரை மட்டும் கேட்கும் வசதி 1982-ல் மையத்தின் கணினியில் 101-ஆம் போர்ட்டில் (ஒரு சேவைக்கென ஒதுக்கிய எண்ணிட்ட வாசல்) வந்தது. ஆனால் அந்தக் கேள்விகளும் அதே ஒரு கணினியைத்தான் தட்டின. கோப்பு எல்லா மூலைக்கும் போய்ச் சேருவதற்குள் சில முகவரிகள் மாறியும்விட்டன.

டிஎன்எஸ்ஸை வடிவமைத்த பால் மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 வழியே தந்த தீர்வின் உயிர்நாடி அதிகாரப் பகிர்வு. பெயர்கள் மரம்போலக் கிளைகளாகப் பிரியும். ஒரு கிளைக்குள் பெயர் சூட்டும் உரிமை அந்தக் கிளைக்காரருக்கே. பெயரைக் கேட்டால் வரும் விடையோடு, அதை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்ற டிடிஎல் எண்ணும் வரும். இன்றும் சர்வரின் முகவரியை மாற்றுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். டிடிஎல் 86400, அதாவது ஒரு நாள், என்றிருந்தால், மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட வேண்டும். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை, பழைய விடை ஏற்கெனவே வெளியே சேமிக்கப்பட்டிருக்கும்.

'இணையத்தின் தொலைபேசிக் கையேடு' என்ற உவமையும் பொருந்தவில்லை. கையேட்டைப் புரட்டித் தேடலாம். டிஎன்எஸ்ஸிடம் முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்னால்தான் விடை கிடைக்கும். ஆட்களைத் தேடும் வேலையை 1982-ல் ஆர்எஃப்சியாக வெளிவந்த 'ஹூஇஸ்' செய்தது, 43-ஆம் போர்ட்டில். அந்தத் தேவைதான் 1988-ல் எக்ஸ்.500 என்ற கையேட்டுத் தரமாகவும், அதை எளிதாக்கி 1993-ல் எல்டாப் என்றும் தனிப்பாதையில் வளர்ந்தது.

ஹோஸ்ட்ஸ் கோப்பு இன்னும் நம் கணினிகளில் இருக்கிறது, பெரும்பாலும் டிஎன்எஸ்ஸுக்கு முன்பே பார்க்கப்படுகிறது. ஒரு தளம் மற்றவர்களுக்குத் திறந்து உங்களுக்கு மட்டும் திறக்கவில்லையென்றால், சோதனைக்காக எப்போதோ எழுதிய வரி அங்கே கிடக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையின் இணையப் பதிப்பில் டிஎன்எஸ் உருவான காரணத்தைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்