ரெஸ்யூமைப் பார்த்துவிட்டேன், சாமி

அன்புள்ள சாமிக்கு,

நீ ராத்திரி அனுப்பிய ரெஸ்யூமை இன்றைக்கு ஆபீஸில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

"நல்லா இருக்கா" என்று கேட்டிருந்தாய். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இடது பக்கம் நீலப் பட்டை, அதில் உன் போட்டோ, தெரிந்த சாஃப்ட்வேர் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம். ஆனால் முன்பின் தெரியாத பையன் ஒருவன் இதை என் மேசைக்கு அனுப்பியிருந்தால், அவன் ஓசூரில் மூன்று வருடம் என்னதான் செய்தான் என்று தெரியாமலே அடுத்ததை எடுத்திருப்பேன். சாலிட்வொர்க்ஸில் நாலரை நட்சத்திரம் என்றால் என்ன அர்த்தம்? யார் கொடுத்தது அந்த அரை நட்சத்திரத்தை?

ஆள் எடுக்கிற எச்.ஆர். பக்கம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் குவாலிட்டி மேனேஜர் காலையில் வந்ததும் என் ரூம் வாசலில் நின்று, "மேடம், ஆள் எப்பங்க வரும்?" என்பார். போன மாதம் ஆஃபர் லெட்டர் வாங்கிய பையன் சேர வேண்டிய நாளன்று போனையே எடுக்கவில்லை. அவனுக்கு வேறு இடத்தில் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும், போய்விட்டான். மறுபடி நௌக்ரி வேலைவாய்ப்பு சைட்டில் விளம்பரம் போடுகிறோம். பொழுதோட பார்த்தால் விண்ணப்பம் குவிந்து கிடக்கிறது. பாதிப்பேருக்கு வேலைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீயும் லிங்க்ட்இனில் அதைத்தான் செய்கிறாய் என்று உன் பேச்சிலேயே தெரிகிறது.

அதனால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? வந்த குவியலை அப்படியே வைத்துவிட்டு, நாங்களாகத் தேடுவோம். குவாலிட்டி இன்ஜினியர், காஸ்டிங் என்கிற வார்ப்பு, பாகத்துக்கு கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கும் பிபிஏபி, அளவு பார்க்கும் சிஎம்எம் மெஷின் என்று சொற்களைப் போடுவோம். அனுபவம் 2 முதல் 5 வருடம், ஊர் கோயம்புத்தூர் அல்லது ஓசூர், நோட்டீஸ் பீரியட் ஒரு மாதத்துக்குள், கடைசியாக எப்போது சைட்டுக்குள் வந்தார் என்று வடிகட்டுவோம். அப்படி வருகிற பட்டியலில் ஆளுக்குச் சில வரிகள்தான் தெரியும். அதில் முதலில் கண்ணில் படுவது தலைப்பு வரி. நீ அதில் என்ன போட்டிருக்கிறாய்? "பேஷனேட் ப்ராப்ளம் சால்வர்". அந்தப் பெயரில் நான் இதுவரை யாரையும் தேடியதில்லை, சாமி. "குவாலிட்டி இன்ஜினியர், வால்வு காஸ்டிங் மற்றும் மெஷினிங், 3 வருடம், பிபிஏபி, எய்ட் டி, சிஎம்எம்" என்று மாற்று. எட்டுப் படியில் கோளாறின் காரணம் தேடும் எய்ட் டி உனக்குத் தெரிந்ததுதானே, அதையும் விடாதே. சப்பென்று இருக்கிறதே என்பாய். இருக்கட்டும், தேடினால் அதுதான் கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்து. மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கிற ப்ரொஃபைலைப் பார்த்தால், இவருக்கு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்து நாங்களே தாண்டிப் போவோம்.

பட்டியலில் வந்த பிறகுதான் ரெஸ்யூமைத் திறப்பார்கள். திறக்கிறவர் மனதில் ஓடுவது நீ கெட்டிக்காரனா என்பதுகூட இல்லை. "இவனை மேனேஜரிடம் அனுப்பினால் நான் திட்டு வாங்குவேனா?" அதுதான். என்னைப் போல எச்.ஆரில் இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு காஸ்டிங் எப்படி ஊற்றுகிறார்கள் என்றே தெரியாது. மேனேஜரிடம் உன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியத்தை நீயே எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அப்பிச்சியிடம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? வால்வு பாடி காஸ்டிங்கில் ப்ளோ ஹோல், அதாவது காற்றுத் துளை, விழுந்து ரிஜெக்‌ஷன் எட்டு சதவீதம் வரை போனது. எல்லோரும் மெட்டல் மேல் பழி போட்டார்கள். நீ ஒவ்வொரு பேட்சாக எழுதிவைத்துப் பார்த்ததில், ராத்திரி முழுக்கத் திறந்த இடத்தில் கிடந்த கோர்களை, அதாவது காஸ்டிங்குக்குள் வெற்றிடம் வர வைக்கிற மணல் அச்சுகளை, வைத்து ஊற்றிய பேட்ச்களில்தான் அதிகம் என்று தெரிந்தது. கோர் ஈரம் இழுத்துக்கொண்டு, சூடான உலோகம் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே துளையாக நின்றுவிடுகிறது என்று கையை விரித்துக் காட்டிச் சொன்னாய். அப்பிச்சிக்கே புரிந்தது. சப்ளையரிடம் பேசி, கோரை மூடிவைக்கவும் ஊற்றுவதற்கு முன்னால் சூடுகாட்டவும் செய்த பிறகு மூன்று சதவீதத்துக்கு வந்ததாமே.

இந்த ரெஸ்யூமில் அது எங்கே? "தர மேம்பாட்டு நடவடிக்கைகளில் பங்கேற்றேன்" என்று ஒரு வரி இருக்கிறது. இதுதான் அதுவா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. பங்கேற்றேன் என்று காபி வாங்கிக்கொடுத்த பையன்கூட எழுதலாம்.

இப்படி எழுது: வால்வு பாடி காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் ரிஜெக்‌ஷனுக்குக் காரணம் கோரின் ஈரம் என்று பேட்ச் வாரியாகக் கண்டுபிடித்து, சப்ளையரின் கோர் பராமரிப்பை மாற்றி, 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்குக் குறைத்தேன். எங்கள் மேனேஜர் இதைப் படித்தால் அன்றைக்கே கூப்பிடச் சொல்லுவார், ஏனென்றால் அவருக்கும் அதே தலைவலி இருக்கிறது. அளவு ஞாபகமில்லாத வேலைக்கு எண்ணைக் கற்பனை செய்யாதே. இன்டர்வியூவில் அந்த எண்ணைப் பிடித்துத்தான் தோண்டுவார்கள். சப்ளையரின் ஆள் பாதி யோசனை சொன்னார் என்றால் அதையும் சொல். இன்னொருவருக்கும் பங்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறவன் பேச்சைக் கேட்டால் எங்களுக்கு நம்பிக்கைதான் கூடும். மூன்று வருடத்தில் இந்த மாதிரி நாலு வரி தேறும், உட்கார்ந்து யோசி. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வரிசையில் அனுப்பாதே. பம்ப் கம்பெனி என்றால் காஸ்டிங் மேலே வரட்டும், ஆட்டோ பார்ட்ஸ் என்றால் பிபிஏபி மேலே வரட்டும்.

அந்த நீலப் பட்டையை எடுத்துவிடு. இடது, வலது என்று இரண்டு பத்தியாகப் பிரித்த ரெஸ்யூமைச் சில கம்பெனி சாஃப்ட்வேர் குறுக்கே படித்துவிடும். உன் போன் நம்பருக்கு நடுவில் காலேஜ் பெயர் வந்து நிற்கும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் பிடிஎஃப்பில் உள்ளதை முழுக்க காப்பி செய்து நோட்பேடில் ஒட்டு. அங்கே வரிசையாக வந்தால் ஓரளவு நம்பலாம். ஃபைலுக்கு "ஃபைனல் நியூ 3" என்றா பெயர் வைப்பாய்? உன் பெயரையும் குவாலிட்டி இன்ஜினியர் என்பதையும் வை. ஆதார் நம்பர், அப்பா பெயர், மதம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் அந்தக் கவர் லெட்டர். "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் வளர்ச்சிப் பயணத்தில்" என்று ஆரம்பிக்கிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டிருப்பாய். இந்த வாரம் எனக்கு வந்தவற்றில் பாதி அதே மாதிரிதான் ஆரம்பித்தன, ஒரே தறியில் நெய்த துண்டு போல. இலக்கணம் பார்க்க வேண்டுமானால் அதைக் கேட்டுக்கொள். சரக்கு உன்னுடையதாக இருக்கட்டும்.

மார்ச்சிலிருந்து வேலை இல்லை என்பதை மறைக்க, ஓசூர் வேலையை "இன்றுவரை" என்று போட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். கம்பெனி மாறினாலும் மாறாத யுஏஎன் நம்பரில் உள்ள பிஎஃப் கணக்கில், எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தாய், எப்போது விட்டாய் என்று எல்லாம் இருக்கிறது. ஆஃபர் கொடுத்த பிறகு சரிபார்க்கிறபோது மாட்டிக்கொண்டால் அந்த ஆஃபரும் போகும். ஆர்டர் குறைந்து லைனை மூடினார்கள், என்னோடு சேர்த்துப் பலரை நிறுத்தினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடு. நீட்டி விளக்கினால்தான் சந்தேகம் வரும். உடனே சேர முடியும் என்பது இப்போது உன்னிடம் இருக்கிற நல்ல சரக்கு. மூன்று மாத நோட்டீஸ்காரர்களுக்காகக் காத்திருந்து அலுத்துப்போன ஆட்களுக்கு அது பெரிய விஷயம். அதை மேலேயே எழுது.

கன்சல்டன்சியிலிருந்து பேசுகிறவர்களிடம் எரிந்துவிழாதே. அவர்களுக்குப் பணம் கம்பெனி கொடுப்பது. ஒரு மாதச் சம்பளம், அதாவது வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்பது பல இடங்களில் நடக்கிற கணக்கு. பெரும்பாலும் நீ போய்ச் சேர்ந்தால்தான் அதுவும் கிடைக்கும். ஆகவே பதிவுக் கட்டணம், டிரெய்னிங் கட்டணம் என்று உன்னிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் போனை வைத்துவிடு. தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடுவதையும் நிறுத்து. காலையில் நாங்கள் வரிசையாகக் கூப்பிடுவோம், எடுக்காதவரை விட்டு அடுத்தவருக்குப் போய்விடுவோம். தவறிப்போனால் அரை மணியில் திருப்பிக் கூப்பிடு.

உன் பெரியப்பா ஒரம்பரையில் ஒருவர் சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறார், அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்கிறார் பெரியப்பா. சொல்லட்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தெரிந்தவர் சொன்னால் குவியலுக்கு மேலே வரும், அவ்வளவுதான். உள்ளே போய் அந்தக் கோர் கதையைச் சொல்ல வேண்டியது நீதான். அதைவிட எனக்குப் பிடித்த வழி வேறு. ஜனவரியில் பெங்களூரு துமகூரு ரோட்டில் ஐஎம்டெக்ஸ் மெஷின் கண்காட்சி நடக்கும், இங்கே அவிநாசி ரோட்டில் கொடிசியா வளாகத்தில் இன்டெக் கண்காட்சி வரும். அங்கே ஸ்டாலில் நிற்கிற இன்ஜினியரிடம் அவர்கள் மெஷினைப் பற்றி ஒரு உருப்படியான கேள்வி கேள். ரெஸ்யூமை நீட்டாதே. ராத்திரி லிங்க்ட்இனில், "மதியம் அளவு பார்க்கும் கேஜ் பற்றிக் கேட்டவன் நான்" என்று நாலு வரி அனுப்பு. எச்.ஆரை விட அந்த டிபார்ட்மெண்ட் ஆள்தான் உன்னை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

இன்னொன்று, கோயம்புத்தூர் கம்பெனிக்கு அனுப்பும்போது சொந்த ஊர் பொங்கலூர் என்று எழுது. வெளியூர் பையன் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவான் என்ற பயம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. அது முழுக்க நியாயம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, பயன்படுத்திக்கொள்.

வெசனப்பட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. அம்முச்சி கச்சாயம் சுட்டுவைத்திருக்கிறார்கள், சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். டிரைவர் நம்பரை வாட்ஸ்அப்பில் போடுகிறேன், பெங்களூரு சில்க் போர்டில் போய் வாங்கிக்கொள். திருத்திய ரெஸ்யூமை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. எங்கள் மேனேஜரிடம் பெயரை மறைத்துக் காட்டி, கூப்பிடுவாரா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா