டாங்கிள் பூட்டை நீக்கித் தர மறுப்பது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 1998-இல் வாங்கிய, டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான கணக்கு மென்பொருள் புதிய கணினியில் திறக்காதது தொடர்பாக

ஐயா, வணக்கம்.

உங்கள் கணக்கு மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கி, இத்தனை ஆண்டுகளாகக் கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, பேரேடு எல்லாவற்றையும் அதில்தான் நடத்தி வருகிறோம். எங்கள் கணக்கர் மவுஸைத் தொடாமலே அரை நிமிடத்தில் ஒரு பில் போட்டு முடிப்பார். அவ்வளவு நல்ல மென்பொருள் அது.

அது ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி சென்ற மாதம் செத்துவிட்டது. புதிய கணினியில் இருப்பது விண்டோஸ் 11. பழைய 16 பிட் நிரல்களை ஓட்டக்கூடிய 32 பிட் பதிப்பே அதற்குக் கிடையாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல் நேரடியாக ஓடாது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. டாஸ் கணினிபோல் நடந்து பழைய நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி அந்தச் சிக்கலை நாங்களே தீர்த்துக்கொண்டோம். முதல் திரை வருகிறது. உடனே 'டாங்கிள் இல்லை' என்று மூடிக்கொள்கிறது.

மென்பொருளைத் திறக்கும் சாவியாக நீங்கள் தந்த சிறு கருவியான அந்த டாங்கிள் பத்திரமாக எங்களிடம்தான் இருக்கிறது. அதைச் செருக, பழைய கணினிகளில் பிரிண்டர் மாட்டப் பயன்பட்ட 25 பின் பேரலல் போர்ட் வேண்டும். புதிய கணினியில் அது இல்லை. யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் வாங்கி மாட்டச் சொன்னார் உங்கள் ஊழியர். வாங்கினோம், பயனில்லை. அந்தக் கேபிள் பிரிண்டருக்குத் தரவு அனுப்பத்தான் உதவும். உங்கள் நிரலோ 378 என்ற போர்ட் முகவரியை நேரடியாகத் தொட்டு டாங்கிளைத் தேடுகிறது. இதை விளக்கியபோது, "அந்த வெர்ஷனுக்கு இப்போ சப்போர்ட் இல்லைங்க, புதுசுக்கு வருடச் சந்தா கட்டிடுங்க" என்றார். புதியதில் இறுதி இருப்புத் தொகை மட்டும்தான் ஏறுமாம். அப்படியானால் இத்தனை வருட பில் விவரங்களை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

புதிய வசதி எதையும் நான் கேட்கவில்லை. டாங்கிள் சோதனையை நீக்கிய ஒரே ஒரு நிரல் கோப்பு போதும். அது உங்களால் மட்டுமே தரக்கூடியது. பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார். காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய பொருளைத் திருட்டுத்தனமாகத் திறக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாங்கிய ரசீதின் நகலும் டாங்கிளின் வரிசை எண் தெரியும் படமும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். இப்போது எல்லா பில்களையும் கையால்தான் எழுதி வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்