செயலாளர் ஆண்டறிக்கை: வளவு வீட்டில் ஓர் இணைய இணைப்பு வானொலி நிலையம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நம் ஹாம் வானொலிச் சங்கத்து அண்ணன் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பேரவையில் ஒரு தீர்மானம் போட்டோம். காரைக்குடியைச் சுற்றியிருக்கும் நம் ஊர்களில் ஹாண்டி (கையடக்க வானொலி செட்) மட்டும் வைத்திருக்கும் உறுப்பினர்களும் தினமும் காற்றில் பேச வேண்டும், அதற்கு எக்கோலிங்க் என்ற இணைய இணைப்பு நிலையம் ஒன்றை யாராவது ஒருவர் வீட்டில் நிறுவ வேண்டும் என்பது அது. கோட்டையூரில் எங்கள் வீட்டு மாடி உயரமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதால் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஓரிரு வரி. எக்கோலிங்க்கை 2002-இல் அமெரிக்க ஹாம் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்) ஜானதன் டெய்லர் உருவாக்கினார். ஒரு விஎச்எஃப் (குறைந்த தூரம் எட்டும்) வானொலி செட்டைக் கணினியோடு சேர்த்து, அதில் வரும் குரலை இணையத்தில் அனுப்பி, வேறொரு ஊரிலுள்ள செட்டில் ஒலிக்கச் செய்யும் ஏற்பாடு. உரிமத்தைக் காட்டிப் பதிவு செய்த ஹாம்களுக்கு மட்டுமே அனுமதி. நாம் போட்டிருப்பது ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும் எஸ்விஎக்ஸ்லிங்க் மென்பொருள். கால் சைனுக்கு (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புப் பெயருக்கு) பின்னால் 'எல்' என்று வந்தால் அது நம்முடையதைப் போன்ற ஒற்றை அலைவரிசை லிங்க். 'ஆர்' என்று வந்தால், கேட்டதை அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர்.

ஆன்டெனா வேலைதான் முதலில் நடந்தது. நம் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். சுண்ணாம்புச் சுவரின் கனத்தில் ஹாண்டி உள்ளே ஊமையாகிவிடும். செட்டை முகப்பு அறையில் வைத்துவிட்டுப் பின்கட்டு மாடிக்குக் கேபிள் இழுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். முப்பது மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கேபிளிலேயே போய்விடும். தடித்த ஆர்ஜி-213 போட்டாலும் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அதனால் செட்டையே மாடிப்படி அறைக்குக் கொண்டுபோனோம். கேபிள் சில மீட்டரோடு முடிந்தது. அறையிலிருந்து கீழே இறங்குவது இணைய வயர் மட்டும். ஆன்டெனா நாமே செய்த கிரவுண்ட் பிளேன்: அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலுமினியக் கம்பி ஒன்று மேலே, அதே அளவில் நான்கு கம்பிகள் கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வில். அந்தச் சாய்வுதான் அதைச் செட்டும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓம் அருகில் கொண்டுவருகிறது. நம் மாணவத் தம்பிகள் இருவர் ஒரு ஞாயிறு முழுக்க வெயிலில் நின்று, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டி, ஆன்டெனா ஏற்காமல் திரும்பும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் முள் இறங்குவதைப் பார்த்தார்கள். அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன்.

இணையம்தான் நம்மை நாலு மாதம் அலைக்கழித்தது. நாம் வெளியே அழைத்தால் பேச முடிந்தது; வெளியிலிருந்து யாரும் நம்மை அழைக்க முடியவில்லை. எக்கோலிங்க்குக்கு யுடிபி 5198, 5199 போர்ட்டுகள் (இணைய வாசல்கள்) உள்ளே திறந்திருக்க வேண்டும். ரவுட்டரில் திறந்துதான் வைத்திருந்தோம். சேவை நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதுதான். கடைசியில் நம் தம்பி ஒருவர்தான் கண்டுபிடித்தார். ரவுட்டர் காட்டிய முகவரி 100.64 என்று தொடங்கியது. அப்படியென்றால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு எந்த வீடு என்று தெரியாது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாலு மாதம் மிஞ்சியிருக்கும். இடையில் ப்ராக்ஸி எனும் இடைக் கணினி வழியாகச் சமாளித்தோம், ஆனால் ஒரு ப்ராக்ஸியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். இப்போது தனியாகப் பணம் கட்டி நமக்கே உரிய நிலையான ஐபி முகவரி வாங்கிவிட்டோம். வேகமான லைன் தேவையே இல்லை; குரலுக்கு வேண்டியது நொடிக்கு 13 கிலோபிட், அதற்கு மேல் கொஞ்சம்.

ஆடி மாதத்தில் ஓர் இரவு நடந்ததைச் சபையில் சொல்லியாக வேண்டும். நான் தூங்கிவிட்டேன். செட்டிலிருந்து கிளம்பிய அலை யுஎஸ்பி கேபிளில் ஏறி, கணினி உறைந்து, பிடிடி எனும் பேசும் பொத்தான் அழுத்தியபடியே நின்றுவிட்டது. விடியற்காலையில் மாடியேறிய என் மனைவிதான் அறையில் சூட்டு வாடை அடிக்கிறது என்று எழுப்பினார். செட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. பல மணி நேரம் அந்த அலைவரிசையை நாம் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். தவறு என்னுடையது. மென்பொருளில் நேர வரம்பு வைத்திருந்தேன். கணினியே உறைந்த பிறகு அது எப்படி வேலை செய்யும்? இப்போது செட்டின் சொந்த டைம்-அவுட் டைமரையே மூன்று நிமிடத்தில் வைத்திருக்கிறோம். அலை மறுபடி ஏறாமல் தடுக்க ஆடியோ வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், யுஎஸ்பி கேபிளில் ஃபெரைட், சக்தி 5 வாட், பக்கத்தில் ஒரு மின்விசிறி. உரிமம் பெற்ற ஒருவர் விழித்திருந்து கவனிக்கும் நேரத்தில் மட்டுமே நிலையம் ஓடும். இரவு பத்து மணிக்கு நிறுத்தம். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்ட உடனே ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுவதும் பழக்கமாகிவிட்டது.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்முடையது ஒற்றை அலைவரிசை. இணையப் பக்கம் பேசும்போது நம் செட் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், அதன் காது அடைந்திருக்கும். ஒருவர் விட்ட உடனே மற்றவர் அழுத்தினால், ஆத்தங்குடியில் ஹாண்டியோடு காத்திருப்பவருக்கு நுழைய வாசலே கிடையாது. ஒவ்வொரு ஓவருக்கு (ஒருவர் பேசி முடிக்கும் முறைக்கு) பிறகும் மூன்று நொடி விடுங்கள். அவசரச் செய்தி உள்ளவர் அந்த மூன்று நொடிக்காகத்தான் காத்திருப்பார்.

லிங்க்கால் என்ன கிடைத்தது என்று பேரவையில் கேட்பீர்கள். ஒரு மாலை ஈப்போவிலிருந்து ஒரு மலேசியத் தமிழ் ஹாம் லிங்க்கில் வந்தார். அங்கே அப்போது இரவு ஒன்பதரை. மழை வெளுத்து வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆச்சி படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்க அப்பச்சி ஈப்போவுலதான் கடை வச்சிருந்தாக. நான் ஒரு கேள்வி கேக்கலாமாப்பா?" என்றார். உரிமம் இல்லாதவரை மைக்கில் பேசவிடக் கூடாது, ஆச்சி கேட்கலாம், பேச முடியாது என்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. "சரிப்பா, பேசட்டும், கேட்டுக்கிறேன்" என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இப்போது அவருடைய பேத்தி ஹாம் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். பன்னிரண்டு வயது நிரம்பினால் எழுதலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறோம். விண்ணப்பம் அரசின் சரல் சஞ்சார் தளத்தில். முதலில் ரெஸ்டிரிக்டட் கிரேடு உரிமம்; மோர்ஸ் (தந்திக் குறியீடு) கற்றவர்கள் ஜெனரல் கிரேடு.

ஆனாலும் லிங்க் ஒன்றே போதும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. 2004 சுனாமியின்போது ஹாம் பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். உறவுகளைப் பற்றிய செய்திகள் அவருடைய நெடுந்தூரம் எட்டும் எச்எஃப் செட் வழியாகத்தான் கரை சேர்ந்தன, இடையில் இணையம் எதுவும் இல்லை. நமக்கு 2018 நவம்பர் 16 நினைவிருக்கும். கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. அப்படி ஒரு நாள் வந்தால் கோட்டையூர் லிங்க்தான் முதலில் விழும். தினமும் லிங்க்கில் பேசிப் பழகிய கைகள்தான் அன்று நேரடியாகவும் பேசும், அதற்காகத்தான் தினமும் பேசும்படி நான் வேண்டுகிறேன். எனவே வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு லிங்க்கை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் நேரடி நெட் (செட்டுக்குச் செட் பேசும் வானொலிக் கூட்டம்) நடத்துகிறோம். தேவகோட்டை அண்ணன் குரல் கானாடுகாத்தானுக்கு எட்டாது. இடையில் காரைக்குடித் தம்பி வாங்கிச் சொல்கிறார். மெதுவாகத்தான் போகிறது. சொன்ன செய்தி ஒரு சொல் மாறாமல் மறுமுனை சேரும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை: மாடி அறைக்கு இரண்டாவது 12 வோல்ட் பேட்டரி, எர்த் கம்பியைப் புதிதாக இறக்குவது, நான் ஊரில் இல்லாத நாட்களில் நிலையத்தைக் கவனிக்க உரிமமுள்ள இருவர். அறைச் சாவியின் நகலை இன்றே கொடுக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்