குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, அதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவை பார்க்கப் போக வேண்டிய இடங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேடந்தாங்கல், கோடியக்கரை, பள்ளிக்கரணை, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் எல்லாம் இருந்தன. எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்கலாம் என்றுகூட இருந்தது. எந்த மாதம் போக வேண்டும் என்பதைத்தான் காணோம்.

இதில் நான் அடிபட்டவன். சில வருஷம் முன்பு மே மாதம் சென்னையில் ஒரு கல்யாணம், போகிற வழிதானே என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கலில் இறங்கினால், ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, நடு ஏரியில் ஆடு மேய்கிறது, பறவை என்று பார்த்தது ரெண்டு காக்காயும் ஒரு மைனாவும். வீட்டில் இன்றைக்கும் காக்கா கத்தினால் சின்னவள் "அப்பா, வேடந்தாங்கல் பறவை வந்திருக்கு" என்கிறாள்.

தப்பு ஏரியுடையது இல்லை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகிற ஏரி அது. தண்ணீருக்குள் நிற்கிற கடப்ப மரங்களில்தான் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டும். மரத்தைச் சுற்றி நிற்கிற தண்ணீர்தான் கூட்டுக்கு வேலி, அது வற்றினால் பறவைக்கு அங்கே வேலை இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் ஏமாற மாட்டீர்கள். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவிலேயே கரிக்கிலி இருக்கிறது, வாத்து பார்க்க அதுதான் சரி, கூட்டமும் இருக்காது. வேடந்தாங்கல் போகிறவர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாமல் திரும்பி வருகிறார்கள்.

கூந்தன்குளத்துக் கணக்கு வேறு. மழைத் தண்ணீரோடு மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வருவதால் அங்கே ஜனவரிக்கு மேல்தான் களை கட்டும். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தைப் பார்க்க ஆசையென்றால் ஜனவரி, பிப்ரவரியில் விடியற்காலம் போங்கள். கூடும் குஞ்சும் பார்க்க ஏப்ரல்கூடப் போகலாம். போன ஏப்ரலில் ஒரு வீட்டுப் பின்பக்க மரத்தில் சங்குவளை நாரை ஒன்று வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, ரெண்டு இறக்கையையும் பாதி விரித்து, குஞ்சுகளுக்குக் குடை பிடித்தபடி நின்றதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம்கூட நகரவில்லை. கீழே ஓடெல்லாம் எச்சம், சுண்ணாம்பு அடித்த மாதிரி. "ஆச்சி, இந்த நாத்தத்தை எப்படித் தாங்குதீய?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். பாத்திரம் விளக்கிக்கொண்டே, "அப்படிப் பார்த்தா மீன் யாவாரி வீட்டுக்குப் பொண்ணே குடுக்க முடியாதுல்லாய்யா" என்றார்.

வேடந்தாங்கல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798லேயே பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பார்க்கப் போகிற நாம்தான் பிரச்சினை. இந்த ஜனவரியில் இங்கே வேறொரு குளத்தங்கரையில், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய ஒருவர், நாமக்கோழிக் கூட்டம் சும்மா மிதந்துகொண்டிருந்தால் படம் நன்றாக வராது என்று, கூட வந்த பையனை விட்டுக் கல் எறியச் சொன்னார். சத்தம் போட்டேன். "சார், பறந்தாத்தானே பறவை" என்று சிரிக்கிறார். கல் எறியாதே, பாட்டுப் போடாதே, கூட்டுக்குப் பக்கத்தில் போகாதே என்று உங்கள் கட்டுரையில் ரெண்டு வரி இருந்திருக்கலாம்.

அப்புறம் ஒரு யோசனை. தினமும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் போடுகிறீர்களே, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோயமுத்தூர் சிங்காநல்லூர்க் குளம், சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி இங்கெல்லாம் தண்ணீர் எவ்வளவு, என்ன பறவை வந்திருக்கிறது என்று நாலு வரி போட முடியாதா? உங்கள் நிருபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ராசிபலன் பகுதியில் ஒரு ராசியைக் குறைத்தாலே இடம் கிடைக்கும். என் ராசியையே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை