காற்றோடு எங்களுக்கு என்ன பகை

மன்னார்
2025 ஒக்டோபர்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை சரிவந்தது பெரிய சந்தோசம். ஆனால் கடைசி வரியில் ஒரு கேள்வி போட்டிருந்தாய் பார், "காற்றாலையையுமா வேண்டாம் என்கிறீர்கள்?" என்று. இரண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் மறக்கவில்லை. காற்றோடு எங்களுக்கு என்ன பகை?

நீ கடைசியாக வந்தபோது தென்கரையில் பனையைவிட உயரமாக ஒன்றும் இருக்கவில்லை. 2020 முடியும்போது அங்கே 30 காற்றாலைகள் சுற்றத் தொடங்கின, 103.5 மெகாவாட். தம்பபவனி என்று பெயர். நானும் பேரப்பிள்ளைகளோடு பார்க்கப் போனேன். பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது.

அப்புறம் மாரி வந்தது. எங்கள் தீவு எவ்வளவு பள்ளம் என்று காற்சட்டை நனையப் பள்ளிக்கூடம் போன உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போதெல்லாம் இரண்டு மூன்று நாளில் கடலுக்கு வடிந்துவிடும். இப்போது எங்கள் ஒழுங்கையில் கிழமைக்கணக்கில் நிற்கிறது. காற்றாலைக்காகப் போட்ட றோட்டும் மேடும்தான் தண்ணீரை மறிக்கிறது என்கிறது சனம். கரையோரம் மீன் வரத்துக் குறைந்ததற்கும் அதையே காட்டுகிறார்கள் கரவலைக்காரர். இந்திய றோலர் இழுவைப் படகுகளுக்கும் அதில் பங்கில்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன், அடிக்காத குறை!

அதானி கம்பனி இன்னும் 52 வைக்க வந்தது. மின்சார விலையை அரசாங்கம் திரும்பப் பேசக் கேட்டதும், போன பெப்ரவரியில் கைவிட்டுப் போய்விட்டது. சரி, முடிந்தது என்று இருந்தோம். ஓகஸ்டில் வேறு திட்டங்களுக்கு இறக்கைகள் ராவோடு ராவாக லொறியில் வந்தன. சனம் றோட்டில் இறங்கியது. ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். பிறகு செப்டம்பர் 26 இரவு பொலிஸ் காவலோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். தள்ளுமுள்ளு, அடி, காயம். பங்குச் சுவாமிமாரும் பெண்களும் முன்னுக்கு நின்றார்கள். இந்த வயதில் நான் ஓரத்தில்தான் நின்றேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கோபம் காற்றாலையில் இல்லை மச்சான். கேட்காமல் செய்வதில்தான். கனியமணல், அதுதான் தாதுமணல், தேடித் துளை போட்டபோதும் எங்களைக் கேட்கவில்லை. ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் தீவு இது. வலை எங்கே இழுப்பது, வெள்ளம் எங்கால் வடியும், பூநாரை எந்த மாதம் வந்து இறங்கும் என்று இங்கே சின்னப் பெடியனுக்கும் தெரியும். படம் கீறும்போது அவனைக் கூப்பிட்டிருந்தால் றோட்டுக்குக் கீழே நாலு மதகாவது கூடுதலாக வைத்திருப்பார்கள். பெருநிலத்தில் வையுங்கள் என்று சனம் கேட்கிறது, அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. என் கரண்ட் பில் இதுவரை ஒரு சதம் குறையவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. சப்பாத்தைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுச் செருப்போடு வா, முற்றத்தில் தண்ணீர் நிற்கும்.

உன் பக்கத்து வாங்குக்காரன்