முழுசா சொல்ல விடு பாப்பா

பாப்பா, நேத்து போன்ல நீ சொன்னது மனசுலயே நிக்குது. ஓபில உக்காந்தா ஆளாளுக்கு வீட்டுக்கதையே பேசுறாங்கம்மா, என்ன செய்யுதுன்னு கேட்டா ஆட்டுல ஆரம்பிக்கிறாங்கன்னு சொன்ன. களைப்புல சொன்னன்னு தெரியும், ஆனா அந்தக் கதைதான்டா கேஸு.

ஒன் மாமா ஏலத்தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடிக்கப் போயிட்டு வந்து ஒருநாள் வாந்தியா எடுத்தாரு, ஞாபகம் இருக்கா, நீ அப்ப எட்டாப்பு. மலை மேலயே ஒரு கிளினிக்ல காட்டிருக்காங்க. டாக்டருக்குத் தமிழ் வராது, மாமாவுக்குத் தெரிஞ்ச மலையாளம் கொமட்டலுக்குச் சொல்ற 'ஓக்கானம்'ங்கிற ஒரு வார்த்தை, அதுக்கு மேல அவரு தமிழ்ல காலையில இருந்துன்னு ஆரம்பிக்கவும் போதும் போதும்னு கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. கம்பம் வந்து சேர்றப்ப சட்டையெல்லாம் வேர்வை, வாயில எச்சி நிக்காம ஒழுகுது. இங்க ராத்திரி டூட்டில இருந்த சின்ன டாக்டரு கட்டில் பக்கத்துல ஸ்டூலப் போட்டு, காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கண்ணேன்னாரு. மருந்து டேங்க் ஒழுகுனது, முதுகு நனைஞ்சது, அந்தச் சட்டையோடயே ஜீப்ல வந்ததுன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. உடனே டார்ச் அடிச்சுக் கண்ணப் பாத்தாரு, கண்ணுப்பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கெடக்கு, பூச்சிமருந்து வெஷம் ஏறிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அத முறிக்கிற அட்ரோபின் ஊசி போட்டாங்க, ஆளு பொழைச்சாரு.

1984-ல அமெரிக்காவுல நோயாளி பேசுறத டேப்ல பதிஞ்சு பாத்துருக்காங்க, சராசரியா 18 செகண்டுல டாக்டர் குறுக்க பேசிட்டாராம். அன்னைக்கு மாமாவுக்கு அதுகூடக் கெடைக்கல.

நான் நர்ஸா வேலைக்குச் சேந்த புதுசுல தெருத்தெருவா போயி பேதிக்கு ஒரு லிட்டர் தண்ணி, 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்புன்னு ஒப்பிப்பேன். எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, வீட்டுக்குப் போனா பேதி போற புள்ளைக்குத் தண்ணியே காட்டமாட்டாங்க, குடிச்சா இன்னும் போகும்னு பயம். அப்பறம் அடுத்த தெருவுல ஒரு அம்மா கண்ணு குழி விழுந்த புள்ளைய மடியில போட்டு ராத்திரி பூராம் டம்ளரும் ஸ்பூனுமா உக்காந்து, வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஊட்டி, விடியக்காலம் புள்ள ஒண்ணுக்குப் போனதும் அவ அழுதத சொல்ல ஆரம்பிச்சேன். அதக் கேட்டவுக, அந்தத் தண்ணிய எப்படிக்கா கலக்குறதுன்னு அவங்களாவே கேட்டாங்க. பங்களாதேஷ்ல 1980-ல இருந்து பத்து வருஷம் பிராக்ங்கிற தொண்டு நிறுவனத்துப் பொண்ணுங்க 1 கோடிக்கும் மேல வீட்டுக்கு நடந்தே போயி, மூணு விரல் உப்பு ஒரு கைப்பிடி வெல்லம்னு தாய்மாரு கையாலயே கலக்க வச்சுக் கத்துக் குடுத்துருக்காங்க. தாய்மாருக்கு எவ்வளவு மனசுல நின்னுச்சோ அதப் பாத்துத்தான் அந்தப் பொண்ணுங்களுக்குச் சம்பளமே. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு.

சுகர் குறையவே மாட்டேங்குது, ஆனா மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேங்குதுன்னு ஒரு பாட்டிய சொன்னியே, அது அடுத்தவாட்டி வந்தா ஆட்டுல இருந்தே ஆரம்பிக்கட்டும். ஆட்ட அடைச்சுட்டு எத்தன மணிக்கு சாப்பிடுது, யாரு சோறு போடுறாக, மாத்திரை சோத்துக்கு முன்னாடியா பின்னாடியா, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும், நடுவுல கம்ப்யூட்டரப் பாக்காத.

அப்பா சனிக்கிழமை பஸ்ல பன்னீர் திராட்சை குடுத்து விடுறாரு, குமுளி ஸ்டாண்டுல ஆள் விட்டு வாங்கிக்க. பாட்டி என்ன சொன்னுச்சுன்னு ஞாயித்துக்கிழமை சொல்லு.

அம்மா